நூறு வயதினரின் மரபணுவும் ஒரு சில்லின் பிழையும்: 2010-ஆம் ஆண்டு நீளாயுள் ஆய்வு குறித்த நிகழ்வு ஆய்வு

2010 ஜூலை 1 அன்று, நூறு வயதைத் தொட்டவர்களின் மரபணுக்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை ‘சயின்ஸ்’ இதழ் தன் இணையப் பதிப்பில் வெளியிட்டது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர் பாவோலா செபாஸ்டியானியும், நியூ இங்கிலாந்து நூற்றாண்டினர் ஆய்வைப் பல ஆண்டுகளாக நடத்திவந்த முதுமை மருத்துவர் தாமஸ் பெர்ல்ஸும் அதன் முதன்மையான ஆசிரியர்கள். நூறு வயதை எட்டிய அல்லது நெருங்கிய 1,055 பேரின் டி.என்.ஏ.வையும், ஒப்பீட்டுக் குழுவில் இருந்த 1,267 பேரின் டி.என்.ஏ.வையும் அவர்கள் அலசியிருந்தார்கள். 33 மரபணு மாறுபாடுகள் மரபணுத் தொகுதி அளவிலான கடுமையான வரம்பையும் தாண்டி நீளாயுளோடு தொடர்பு காட்டுகின்றன என்றும், 150 மாறுபாடுகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கணிப்பு மாதிரி, ஒருவர் நூற்றாண்டினர் குழுவைச் சேர்ந்தவரா இல்லையா என்பதை 77 சதவீதத் துல்லியத்தோடு சொல்கிறது என்றும் கட்டுரை அறிவித்தது. நூற்றாண்டினரில் 90 சதவீதத்தினரை 19 மரபணு அடையாளத் தொகுப்புகளுக்குள் வகைப்படுத்த முடிந்தது என்பது இன்னொரு முடிவு.

நோய் ஆய்வாளர்களை ஈர்த்தது வேறொரு வரி. நோய்களோடு தொடர்புடையவை என்று அதுவரை அறியப்பட்டிருந்த மாறுபாடுகள், நூற்றாண்டினரிடமும் மற்றவர்களிடமும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் இருந்தன என்றது கட்டுரை. அதாவது, நீண்ட நாள் வாழ்பவர்கள் கெட்ட மாறுபாடுகள் இல்லாததால் அல்ல, அவற்றின் விளைவை முறியடிக்கும் நல்ல மாறுபாடுகள் இருப்பதால் வாழ்கிறார்கள் என்ற கருத்துக்கு அது இடம் தந்தது. இது உண்மையாக இருந்திருந்தால், ஒருவருடைய நோய் அபாயத்தை மட்டும் கணக்கிட்டுச் சொல்லும் மரபணுச் சோதனைகளின் அடிப்படையே கேள்விக்கு உள்ளாகியிருக்கும்.

ஒரே வாரத்தில் சந்தேகங்கள் பத்திரிகைகளுக்கு வந்துவிட்டன. நவம்பரில் இதழின் ஆசிரியர் புரூஸ் ஆல்பர்ட்ஸ் கட்டுரையைப் பற்றிய கவலைக் குறிப்பு ஒன்றை வெளியிட்டார். 2011 ஜூலையில் கட்டுரையை எழுதியவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். இதில் மோசடி எதுவும் இல்லை. தரவைத் திரித்ததாக யாரும் குற்றம் சாட்டவும் இல்லை. இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் காரணமே அதுதான். நேர்மையான, அனுபவமுள்ள ஒரு குழு, அன்றைக்கு ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கிய கருவிகளைக் கொண்டு, ஒரு கருவிப் பிழையை உயிரியல் உண்மையாக எப்படி வாசித்தது என்பதை இதில் படிப்படியாகப் பார்க்க முடிகிறது.

சில்லு எழுத்தை வாசிப்பது எப்படி

மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றில் மனிதருக்கு மனிதர் ஓரெழுத்து மட்டும் வேறுபடும் இடங்களை ஆய்வாளர்கள் ‘ஸ்னிப்’ என்கிறார்கள். எல்லா எழுத்துகளையும் வரிசையாக வாசிப்பது அன்று பெருஞ்செலவு என்பதால், முன்கூட்டியே தெரிந்த சில லட்சம் ஸ்னிப் இடங்களை மட்டும் ஒரே நேரத்தில் சோதிக்கும் சில்லுகளையே ஆய்வகங்கள் நம்பியிருந்தன. இலுமினா நிறுவனத்தின் சில்லில், சில மைக்ரான் அளவே உள்ள சிலிக்கா மணிகள் நுண்குழிகளில் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வகை மணியிலும் 50 எழுத்து நீளமுள்ள ஒரு குறிப்பிட்ட டி.என்.ஏ. இழை ஒட்டப்பட்டிருக்கும். சோதிக்கப்படுபவரின் டி.என்.ஏ. துண்டு அந்த இழையோடு ஒட்டிக்கொண்டபின், ஸ்னிப் இருக்கும் இடத்தில் நொதியின் உதவியால் ஓரெழுத்து சேர்க்கப்படும். எந்த எழுத்து சேர்ந்தது என்பதைப் பொறுத்து அந்த மணி சிவப்பாகவோ பச்சையாகவோ ஒளிரும். தாயிடமிருந்து ஓரெழுத்தும் தந்தையிடமிருந்து வேறெழுத்தும் பெற்றவருக்கு இரண்டு நிறமும் தெரியும்.

சில்லு நமக்குத் தருவது எழுத்தை அல்ல, ஒளியின் அளவை மட்டுமே என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நூற்றுக்கணக்கானவர்களின் ஒளியளவுகளை ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால், நல்ல ஸ்னிப் ஒன்றில் அவை மூன்று கொத்துகளாகப் பிரிந்து நிற்கும்: ஒரு பக்கம் சிவப்பு மட்டும், மறுபக்கம் பச்சை மட்டும், நடுவில் இரண்டும் கலந்தவை. கொத்துகளின் எல்லையை வரைந்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மரபணு வகையை ஒதுக்குவது மென்பொருளின் வேலை. கொத்துகள் தெளிவாக விலகி நிற்கும்வரை இதில் சிக்கல் இல்லை. ஆனால் மணியிலுள்ள இழை ஒட்டும் பகுதியிலேயே இன்னொரு மாறுபாடு ஒளிந்திருந்தாலோ, மரபணுத் தொகுதியில் வேறோர் இடத்திலும் அதே போன்ற வரிசை இருந்தாலோ, கொத்துகள் நகரும், ஒன்றோடொன்று இழையும், சில சமயம் ஒரு கொத்து இரண்டாக உடையும். அப்போதும் மென்பொருள் ஏதோ ஒரு வகையை எழுதிவிடும். கொத்து வரைபடத்தைக் கண்ணால் பார்க்காதவருக்கு, அந்த எழுத்து பிழையானது என்று அறிய வழியே இல்லை.

சில லட்சம் ஸ்னிப்களில் சில நூறு இப்படிப் பிசகுவது எல்லாச் சில்லுக்கும் இயல்பு. ஒரு சில்லில் பிசகும் ஸ்னிப் இன்னொரு வகைச் சில்லில் சரியாக வேலை செய்யக்கூடும் என்பதும் அப்படியே. இவற்றால் மட்டும் ஓர் ஆய்வு கெட்டுவிடுவதில்லை. பிசகு இரு குழுக்களையும் சமமாகப் பாதித்தால், உண்மையான தொடர்பு சற்று மங்கலாகத் தெரியுமே தவிர, இல்லாத தொடர்பு தோன்றாது.

பத்து சதவீதம் போதுமானதாக இருந்தது

பாஸ்டன் குழு ஒரே வகைச் சில்லைப் பயன்படுத்தவில்லை. டி.என்.ஏ. மாதிரிகள் பல ஆண்டுகளாகச் சேர்ந்தவை. சில்லுகளின் தலைமுறைகளும் அதற்குள் மாறிக்கொண்டிருந்தன. நூற்றாண்டினரில் பெரும்பாலானோர் இலுமினாவின் 370 வகைச் சில்லிலும், சுமார் 10 சதவீதத்தினர் 610-குவாட் என்ற வேறு சில்லிலும் சோதிக்கப்பட்டிருந்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் சில்லுகளின் கலவை வேறாக இருந்தது. அக்குழுவில் ஒரு பகுதியினரின் தரவு, இலுமினா நிறுவனம் ஆய்வாளர்களுக்காகத் திறந்து வைத்திருந்த தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஐஸ்லாந்தின் டிகோட் என்ற மரபணு ஆய்வு நிறுவனத்தை நிறுவிய காரி ஸ்டெஃபான்சன் உடனடியாகச் சுட்டிக்காட்டியது இதைத்தான். கட்டுரை முன்வைத்த மாறுபாடுகளில் மிக வலுவான இரண்டு, 610 சில்லில் தவறாக வாசிக்கப்படுபவை என்பது அவருடைய குழுவுக்குத் தங்கள் அனுபவத்திலேயே தெரிந்திருந்தது.

பத்தில் ஒருவரைத்தானே அந்தச் சில்லில் சோதித்தார்கள், அது பெரிய விளைவை உண்டாக்குமா என்ற எண்ணம் எவருக்கும் எழும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது. இது அந்த ஆய்வில் நடந்ததன் நேரடிப் பதிவு அல்ல. எளிதாக விளங்குவதற்காக நான் அமைத்துக்கொண்ட கற்பனைக் கணக்கு.

நூற்றாண்டினர் 800 பேர், ஒப்பீட்டுக் குழுவினர் 900 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஸ்னிப்பில் அரிதான எழுத்து இரு குழுவிலும் 10 சதவீதம்தான் இருக்கிறது. அதற்கும் ஆயுளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒவ்வொருவரிடமும் இரண்டு எழுத்து என்பதால், நூற்றாண்டினரிடம் 1,600 எழுத்துகளும் மற்றவர்களிடம் 1,800 எழுத்துகளும் உள்ளன. நூற்றாண்டினரில் 80 பேர் மட்டும் சோதிக்கப்பட்ட இரண்டாவது சில்லில், இந்த ஸ்னிப்பின் இரண்டு எழுத்துகளும் இடம் மாறி வாசிக்கப்படுகின்றன. சரியான சில்லில் சோதிக்கப்பட்ட 720 பேரிடம் அரிதான எழுத்து 144 முறை வரும். இடம் மாறிய 80 பேரிடம் 10 சதவீதத்துக்குப் பதிலாக 90 சதவீதம் என்பதால், இன்னொரு 144 முறை வரும். மொத்தம் 1,600-க்கு 288, அதாவது 18 சதவீதம். ஒப்பீட்டுக் குழுவில் அது 10 சதவீதமாகவே நிற்கும். இந்த வேறுபாடு தற்செயலாக நேர்வதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட பத்தாயிரம் கோடியில் ஒன்று. மரபணுத் தொகுதி முழுவதையும் அலசும் ஆய்வுகள் ஏற்றுக்கொண்டிருக்கும் வரம்போ இரண்டு கோடியில் ஒன்று. ஆக, எந்த உயிரியல் தொடர்பும் இல்லாத ஒரு ஸ்னிப் அந்த வரம்பைப் பல ஆயிரம் மடங்கு தாண்டிப் போய்விடுகிறது.

வரம்பைக் கடுமையாக்குவதால் இந்தப் பிழை போகாது என்பதை இக்கணக்கிலிருந்தே உணரலாம். புள்ளியியல் வரம்புகள் தற்செயலுக்கு எதிரான அரண்கள். இங்கே நடந்தது தற்செயல் அல்ல. ஒரு வியாபாரியின் மூட்டைகளை ஒரு தராசிலும் அடுத்தவரின் மூட்டைகளை வேறொரு தராசிலும் நிறுத்துவிட்டு, யாருடைய நெல் கனமானது என்று கேட்டால், மூட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட, தவறான விடையின் மீதான உறுதிதான் கூடும்.

வழக்கமான சோதனைகள் ஏன் காப்பாற்றவில்லை

இத்தகைய பிழைகளைப் பிடிப்பதற்கென்றே சில வடிகட்டிகள் உண்டு. எத்தனை சதவீத டி.என்.ஏ. மாதிரிகளில் மென்பொருளால் வகையை எழுத முடிந்தது என்று பார்ப்பது ஒன்று. ஆனால் மேலே சொன்ன கற்பனைக் கணக்கில் எல்லா மாதிரிக்கும் வகை எழுதப்பட்டுவிட்டது. அது தவறான வகை என்பது மட்டுமே குறை. எனவே இந்த வடிகட்டியை அது எளிதாகக் கடந்துவிடும்.

ஹார்டி–வைன்பெர்க் சமநிலைச் சோதனை இதைவிடக் கூர்மையானது. ஒரு மக்கள் குழுவில் ஓரெழுத்தின் பங்கு தெரிந்தால், அதை இரட்டையாகக் கொண்டவர்கள், ஒற்றையாகக் கொண்டவர்கள், அறவே இல்லாதவர்கள் ஆகியோர் எந்த விகிதத்தில் இருப்பார்கள் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். என் கற்பனைக் கணக்கில் நூற்றாண்டினரிடம் கலப்பு வகையினர் 236 பேர் இருந்திருக்க வேண்டும். பிழையான வாசிப்பிலோ 144 பேர்தான் வருவார்கள். இது கண்ணை உறுத்தும் இடைவெளி. ஆனால் பல ஆய்வுகளில் இந்தச் சோதனை ஒப்பீட்டுக் குழுவில் மட்டுமே செய்யப்படுகிறது. நோயுள்ள குழுவில் உண்மையான நோய்த் தொடர்பே சமநிலையைக் குலைக்கக்கூடும் என்பதால், அங்கே தெரியும் விலகலைப் பிழையென்று சொல்லிவிட முடியாது என்பது அதற்கான நியாயம். நியாயம் சரிதான். ஆனால் பிழையான சில்லு நோயுள்ள குழுவில் (இங்கே அதன் இடத்தில் நிற்கும் நூற்றாண்டினர் குழுவில்) மட்டும் இருக்கும்போது, ஒப்பீட்டுக் குழு எந்தக் குறையும் இல்லாமல் தேறிவிடும்.

மறுகுழுவில் சரிபார்ப்பது மூன்றாவது அரண். பாஸ்டன் குழுவும் 801 நூற்றாண்டினரையும் 926 ஒப்பீட்டாளரையும் கொண்டு கணிப்பு மாதிரியைக் கட்டி, அதற்கு வெளியே 254 பேரையும் 341 பேரையும் வைத்துச் சோதித்தது. ஆனால் மறுகுழு என்பது ஆட்களில் வேறாக இருந்தால் மட்டும் போதாது. அதே வகைச் சில்லுகளின் சமமற்ற கலவை அங்கும் இருந்தால், அதே பிழை அங்கும் தலைகாட்டி, கண்டுபிடிப்பை உறுதி செய்வதுபோலத் தோன்றும். வேறொரு வேதிமுறையில், வேறொரு கருவியில் அந்தச் சில ஸ்னிப்களை மட்டும் மீண்டும் வாசிப்பதே உண்மையான சரிபார்ப்பு. சில டஜன் ஸ்னிப்களுக்கு அதைச் செய்ய ஆகும் செலவு, முழு ஆய்வின் செலவோடு ஒப்பிட்டால் அற்பம். கட்டுரையை அனுப்புவதற்கு முன் அது செய்யப்படாததையும், இதழின் மதிப்பீட்டாளர்கள் அதைக் கட்டாயமாகக் கேட்காததையும்தான் இந்த நிகழ்வின் மையக் குறைபாடாக நான் கருதுகிறேன்.

முடிவுகளின் தோற்றத்திலேயே ஒரு தடயம் உண்டு. குரோமோசோமில் அருகருகே உள்ள ஸ்னிப்கள் பெரும்பாலும் சேர்ந்தே தலைமுறை தாண்டி வருகின்றன. எனவே ஒரு ஸ்னிப்புக்கு நோயோடு உண்மையான தொடர்பு இருந்தால், அதன் அக்கம்பக்கத்து ஸ்னிப்களும் ஓரளவு அதே சாய்வைக் காட்டும். வரைபடத்தில் அது கோபுரம்போல் எழும்பும். சில்லின் பிழையோ ஒரு மணியோடு நின்றுவிடுவதால், அண்டை ஸ்னிப்கள் எல்லாம் அமைதியாக இருக்க, ஒன்று மட்டும் தனியாக உச்சியில் நிற்கும். இத்துறையில் வேலை செய்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

விளைவின் அளவும் எச்சரித்திருக்க வேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய மரபியலாளர் டேவிட் கோல்ட்ஸ்டீன் வெளிப்படையாகச் சந்தேகம் எழுப்பியவர்களில் ஒருவர். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், ஆயுளில் மரபின் பங்கு கால் பகுதி அளவுதான் என்று காட்டியிருந்தன. நீளாயுளோடு திரும்பத் திரும்ப உறுதியாகத் தொடர்பு காட்டிய மரபணு என்றால், அல்சைமர் நோயோடு தொடர்புடைய ஏபிஓஈ ஒன்றைத்தான் முதலில் சொல்ல முடியும். அப்படிப்பட்ட ஒரு துறையில், ஆயிரம் பேரைக் கொண்டு 33 புதிய இடங்களைக் கண்டுபிடித்ததாக ஒருவர் சொன்னால், அது பெரும் திருப்புமுனை என்பதைவிட ஏதோ கோளாறு என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

தெரியாத பாடமல்ல

நோயாளிகளின் டி.என்.ஏ.வும் மற்றவர்களின் டி.என்.ஏ.வும் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு முறையில் தயாரிக்கப்பட்டால், வாசிப்புப் பிழை ஒரு பக்கமாகச் சாய்ந்து பொய்த் தொடர்புகளை உருவாக்கும் என்பதை, முதல் வகை நீரிழிவு ஆய்வுத் தரவை வைத்து டேவிட் கிளேட்டனும் உடனாய்வாளர்களும் 2005-லேயே எழுதியிருந்தார்கள். அதை நன்றாக உள்வாங்கிய ஆய்வு, 2007-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் கூட்டமைப்பின் ஆய்வு. ஏழு நோய்களுக்குத் தலா ஏறத்தாழ 2,000 நோயாளிகள், அனைவருக்கும் பொதுவாக 3,000 பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழு என்பது அதன் அமைப்பு. அந்த 3,000 பேரை அவர்கள் இரண்டு மூலங்களிலிருந்து வேண்டுமென்றே பாதிப் பாதியாக எடுத்தார்கள்: 1958-ல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் பிரிட்டிஷ் குழுவிலிருந்து ஒரு பாதி, ரத்த தானம் செய்தவர்களிலிருந்து மறுபாதி. பிறகு நோயாளிகளைத் தொடுவதற்கு முன்பே, இந்த இரு பாதிகளையும் ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை வைத்து ஒப்பிட்டார்கள். நோய்க்காகத் தேர்ந்தெடுக்கப்படாத இரு குழுக்களிடையே ஒரு ஸ்னிப் பெரிய வேறுபாட்டைக் காட்டினால், அது தயாரிப்பிலோ வாசிப்பிலோ நேர்ந்த பிசகாகவே இருக்க வாய்ப்பு அதிகம். வலுவான தொடர்பு காட்டிய ஒவ்வொரு ஸ்னிப்பின் கொத்து வரைபடத்தையும் ஆட்கள் கண்ணால் பார்த்துத் தள்ளவோ ஏற்கவோ செய்தார்கள். மனித உழைப்பைக் கேட்கும் சலிப்பான வேலைதான்; ஆனால் அந்த ஆய்வு அறிவித்த தொடர்புகளில் மிகப் பெரும்பாலானவை பின்னர் நிலைத்து நின்றன.

நூற்றாண்டினர் ஆய்வில் ஒரு நியாயமான இடர்ப்பாடு இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நூறு வயதைத் தாண்டியவர்களின் மாதிரிகளை ஒரே நாளில் திரட்ட முடியாது. வருவதை வந்தபோது வாசித்து வைப்பது இயல்பு. ஆனால் புதிய சில்லுக்கு மாறும்போது, ஒப்பீட்டுக் குழுவிலிருந்தும் ஒரு பகுதியை அதே சில்லில் அதே தொகுதியாகக் கலந்து வாசித்திருக்கலாம். பழைய சில்லில் வாசித்த சிலரைப் புதியதிலும் வாசித்து, இரண்டும் ஒத்துப்போகாத ஸ்னிப்களை நீக்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால், அந்த வலுவான இரண்டு மாறுபாடுகளும் முதல் நாளிலேயே வெளியேறியிருக்கும்.

திரும்பப் பெற்றபின்

2011-ல் வெளியான அறிவிப்பில், 610 சில்லின் தொழில்நுட்பப் பிழைகளும் தங்களுடைய போதாத தரக் கட்டுப்பாடும் சேர்ந்து பொய்யான தொடர்புகளை உண்டாக்கிவிட்டன என்று ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். தனி ஆய்வகம் ஒன்று கடுமையான தரச் சோதனை செய்து, சந்தேகத்துக்குரிய ஸ்னிப்களை நீக்கியது. எஞ்சிய தரவு வேறொரு கருவிமுறையில் சரிபார்க்கப்பட்டது. முக்கியமான முடிவுகள் அப்படியே நிற்பதாகவும், ஆனால் விவரங்கள் பெரிதும் மாறிவிட்டதால் அது புதிய கட்டுரையாகவே ஆகிவிட்டது என்றும் அவர்கள் கூறினார்கள். இந்த வாதத்தின் இரண்டாம் பாதியை ஏற்க முடிகிறது. முதல் பாதியை அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை.

அந்தப் புதிய கட்டுரை 2012 ஜனவரியில் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வந்தது. 801 நூற்றாண்டினரையும் 914 ஒப்பீட்டாளரையும் கொண்டு, இம்முறை 281 ஸ்னிப்களில் கணிப்பு மாதிரி கட்டப்பட்டது. மாதிரியைக் கட்டப் பயன்பட்ட ஆட்களிடையே அது 89 சதவீதம் சரியாகப் பிரித்தது. வெளிக்குழு ஒன்றில் சோதித்தபோது, நீளாயுள் உள்ளவர்களில் 60 சதவீதத்தினரையும் ஒப்பீட்டாளரில் 58 சதவீதத்தினரையும் மட்டுமே சரியாக அடையாளம் கண்டது. கண்ணை மூடிக்கொண்டு நாணயம் சுண்டியிருந்தாலே இரண்டிலும் 50 கிடைத்திருக்கும். தன் ஆட்களிடம் 89, பிறரிடம் 60 என்ற இடைவெளி, மாதிரி தன் சொந்தத் தரவின் தற்செயல்களைப் பெருமளவு மனப்பாடம் செய்துகொண்டதையே காட்டுகிறது. 105 வயதுக்கு மேல் வாழ்ந்து இறந்தவர்களை 85 சதவீதம் அடையாளம் கண்டது என்ற எண் பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது; அதே கணிப்பு மாதிரி, சாதாரண ஆயுள் கொண்ட 100 பேரில் 42 பேரையும் நீளாயுள் உள்ளவர்கள் என்று தவறாகச் சொல்லும் என்பதைச் சேர்த்து வாசித்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. தனியொரு ஸ்னிப்பாக வரம்பைத் தாண்டி நின்றது, ஏபிஓஈ மரபணுவை ஒட்டியுள்ள டாம்40 பகுதியில் இருந்தது. முன்னரே எல்லோருக்கும் தெரிந்த இடம் அது.

2019-ல் யோரிஸ் டீலன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியிட்ட கூட்டாய்வு, தங்கள் தலைமுறையில் 90 சதவீதத்தினரைவிட அதிக நாள் வாழ்ந்த 11,262 பேரையும், 99 சதவீதத்தினரைவிட அதிக நாள் வாழ்ந்த 3,484 பேரையும், 25,483 ஒப்பீட்டாளரோடு வைத்துப் பார்த்தது. ஏபிஓஈ மரபணுவின் இ4 வடிவம் நீளாயுளுக்கான வாய்ப்பைக் குறைக்கிறது, இ2 வடிவம் கூட்டுகிறது என்பது மீண்டும் உறுதியானது. அதற்கு வெளியே, ஜிபிஆர்78 மரபணுவுக்கு அருகிலுள்ள ஒரே ஒரு புதிய இடம் வரம்பைத் தாண்டியது.